துணை விலங்கின் எண்கள் பிசகும் இடங்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை ஆட்டங்களில், ஆட்டக்காரர் ஒருவர் தம் கதாபாத்திரத்துக்குத் துணையாக நாயையோ பருந்தையோ கரடியையோ கேட்டால், நடத்துபவர் பெரும்பாலும் விதிநூலின் விலங்குப் பட்டியலைத் திறந்து, அதிலுள்ள எண்களை அப்படியே தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பட்டியல், எதிரியாக ஒரே ஒரு சண்டையில் வந்து செத்துப்போகிற விலங்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மாதக்கணக்கில் கூடவே நடந்து, உடையவரோடு சேர்ந்து வளர வேண்டிய விலங்குக்கு அந்த எண்கள் பொருந்துவதில்லை.

தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆடுகிறோம். என்னையும் சேர்த்து ஆறு பேர். இருவர் குமுளியிலிருந்து மலையிறங்கி வருகிறவர்கள். ஒருவர் விடியற்காலையில் கம்பமெட்டு வழியாகத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டுகிறவர். கதை நடக்கும் நாடு கற்பனையே என்றாலும், அதிலுள்ள விலங்குகள் எங்கள் மலையின் விலங்குகள்: கோம்பை நாய், செந்நாய், மிளா, மலையணில், இருவாச்சி. நாங்கள் வைத்திருப்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு விதிகள். கீழே வரும் கணக்குகள் அதைத் தழுவியவை. வேறு விதிநூல் வைத்திருப்பவர்கள் எண்களை மாற்றிக்கொண்டு, சோதிக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

படிக்கல்லை முதலில் வையுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், விலங்கின் எண்ணில் கை வைப்பதற்கு முன் ஒப்பிடுவதற்கு ஒரு படிக்கல் வேண்டும். (எங்கள் கடைத்தெருவில் எல்லாக் கடையிலும் எலெக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது, படிக்கல் என்ற சொல்தான் மிச்சம்.) துணை விலங்கே இல்லாத ஒரு சாதாரண வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் லெவலில் (கதாபாத்திரத்தின் வளர்ச்சிப் படி) அவனுக்கு 28 ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி), தாக்குதல் உருட்டலோடு கூட்ட +5, வாளின் சேதத்துக்கு ஒரு டி8 (எட்டு முகப் பகடை) உடன் 3. ஆர்மர் எண் (தாக்குதல் படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 13 உள்ள எதிரியை அவன் வெட்ட டி20-இல் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபது முகங்களில் பதின்மூன்று முகங்கள் அவனுக்குச் சாதகம், அதாவது நூற்றுக்கு 65. வாளின் சராசரிச் சேதம் 7.5. இரண்டையும் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு (எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு சுற்று) ஏறத்தாழ 4.9 வருகிறது. இருபது விழும்போது கிடைக்கும் இரட்டிப்புச் சேதத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தாலும் ஒப்பீடு பெரிதாக மாறாது.

உடையவரையும் விலங்கையும் தனித்தனியாக எடை போடாமல், இருவரையும் ஒரே தட்டில் வைத்து இந்த 4.9-உடன் ஒப்பிட வேண்டும். விலங்கின் தாளை மட்டும் பார்த்து “இது சாதாரண நாய்தானே” என்று நான் விட்டுவிட்ட ஒவ்வொரு முறையும் பிழை அங்கேயே ஒளிந்திருந்தது.

அறிகுறி: ஒருவரே இரண்டு ஆளாக ஆடுகிறார், மற்றவர்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள்

எங்கள் மேசையில் முதலில் வந்த கோளாறு இதுதான். ஜீப் ஓட்டும் தம்பியின் கதாபாத்திரத்துக்குக் கோம்பை நாய் ஒன்றைக் கொடுத்திருந்தேன்: செவலை உடம்பு, கருமூஞ்சி, கடிக்கு +4, சேதம் ஒரு டி6 உடன் 2. பார்த்தால் எளிய எண்கள். ஆனால், அந்த நாய் தன் முறையில் தானாகவே கடிக்கலாம் என்றும் விட்டிருந்தேன். அதே எதிரியின் மேல் நாயின் கடி நூற்றுக்கு 60 விழும், சராசரி 5.5, ஆக ஒரு சுற்றுக்கு 3.3. உடையவரின் 4.9-உடன் சேர்த்தால் 8.2. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீரன் செய்வதைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவான வேலையை இந்த இணை ஒவ்வொரு சுற்றிலும், எந்த விலையும் கொடுக்காமல், செய்து முடித்துவிடுகிறது.

நான் முதலில் செய்த திருத்தம் தவறானது. சேதத்தை டி6-இலிருந்து டி4-ஆகக் குறைத்தேன். ஆட்டம் சற்றும் மாறவில்லை. காரணம், குறை கடியின் எண்ணில் இல்லை. அந்த ஆட்டக்காரருக்கு ஒரு சுற்றில் இரண்டு முறை கிடைத்ததில் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு நகர்வு, ஒரு உருட்டல், ஒரு முடிவு என்று மேசையின் நேரத்தையும் தின்னும். எதிரிகள் சுற்றி வளைக்க முடியாதபடி களத்தில் இன்னோர் உடம்பையும் நிறுத்தும். ஆகவே இந்த அறிகுறி தெரிந்தால், சேதத்தைத் தொடுவதற்கு முன், விலங்கின் செயலுக்கு உடையவர் எதைச் செலவழிக்கிறார் என்று கேளுங்கள். “எதையும் இல்லை” என்பது விடையானால், பிழை கிடைத்துவிட்டது.

விலை வைப்பதற்கு மூன்று வழிகள் பழக்கத்தில் உள்ளன. 2014 விதிநூலில் வேட்டையர் வகைக் கதாபாத்திரம் தம் விலங்கைக் கடிக்க ஏவுவதற்கு, தம் முறையில் கிடைக்கும் முதன்மைச் செயலான முழு ஆக்‌ஷனையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விலை மிகக் கூடுதல் என்ற குறை உலகெங்கும் எழுந்தது. 2020-இல் வந்த துணைநூல் அதை, முதன்மைச் செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனாகக் குறைத்துப் புதிய விலங்கு வடிவங்களைத் தந்தது. 2019-இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற வேறோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பிலோ, ஒரு முறைக்கு உள்ள மூன்று ஆக்‌ஷன்களில் ஒன்றை உடையவர் செலவிட்டால் விலங்குக்கு இரண்டு கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது நடுவழி, அதாவது போனஸ் ஆக்‌ஷன். முழு ஆக்‌ஷனைக் கேட்டால் ஆட்டக்காரர் நாயை ஏவுவதையே நிறுத்திவிடுவார். நாய் சண்டை முழுவதும் வேலியோரம் நின்று குரைத்துக்கொண்டிருக்கும்.

போனஸ் ஆக்‌ஷன் என்று முடிவுசெய்த பிறகுதான் சேதத்தைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு கைகளிலும் குறுவாள் பிடித்தவன் தன் போனஸ் ஆக்‌ஷனை இரண்டாவது குறுவாளுக்குச் செலவிடுகிறான்; அவனுக்கு ஒரு சுற்றில் மொத்தம் ஏறத்தாழ 6.5 வருகிறது. நாயின் கடியை ஒரு டி4 உடன் 1 என்று வைத்தால் நாய்க்கு 2.1, இணைக்கு 7. அரைப் புள்ளி கூடுதல்தான். அந்த அரைப் புள்ளிக்கு ஈடாக, நாய் வீழ்ந்த மறுகணம் இணை 4.9-க்கு இறங்கிவிடும், இரண்டாவது குறுவாளுக்கோ அடிபட்டு விழும் ஆபத்து இல்லை.

நேரத்துக்கு ஒரு சிறு வைத்தியம்: உடையவருக்கும் விலங்குக்கும் இரண்டு நிறப் பகடைகளைக் கொடுத்து, இரண்டையும் ஒரே கையால் ஒரே நேரத்தில் உருட்டச் சொல்லுங்கள். எங்கள் மேசையில் சிவப்புப் பகடை நாய்க்கு.

அறிகுறி: முதல் சண்டையின் முதல் சுற்றிலேயே விலங்கு செத்துவிடுகிறது

மேலே சொன்ன கோளாற்றைவிட இது மோசம். அங்கே சலிப்பு வரும், இங்கே ஆள் வராமல் போவார். குகைவாயில் சண்டையில் பூதத்தின் கதாயுதம் நாயின் மேல் விழுந்து, நான் “நாய் அசைவில்லாமல் கிடக்கிறது” என்று சொன்னபோது, தம்பி பகடையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணே, என்னைய வேணா கொல்லுங்க. அது செத்துச்சுன்னா அடுத்த வாரம் நான் வரல” என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டில் வளர்த்த நாயை அதற்கு முந்தைய மாதம்தான் மலைப்பாதையில் வண்டி அடித்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இங்கே பார்க்க வேண்டியது ஹெச்.பி.யின் விகிதம். விதிநூல் பட்டியலில் ஓநாய்க்கு 11 ஹெச்.பி.; காவல்நாய்க்கு 5. மூன்றாம் லெவலில் எதிரியின் ஒரே வீச்சு நாயை முடித்துவிடும். 2014 விதி, பட்டியலில் உள்ள எண் அல்லது லெவலைப்போல் நான்கு மடங்கு, இவற்றில் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஐந்தாம் லெவலில் அது 20. அந்த லெவலில்தான் மந்திரவாதிகள் கையில் நெருப்புக்கோளம் வருகிறது: எட்டு டி6, சராசரி 28. விலகத் தவறிய விலங்கு அந்த இடத்திலேயே விழும். 2020 துணைநூலின் தரைவாழ் விலங்கு வடிவத்துக்கு ஐந்துடன் லெவலைப்போல் ஐந்து மடங்கைக் கூட்டுகிறார்கள். ஐந்தாம் லெவலில் 30. சராசரி நெருப்புக்கோளத்தைத் தாங்கி இரண்டு புள்ளியோடு நிற்கிறது. இந்த இரண்டு புள்ளி இடைவெளி தற்செயலா, திட்டமா என்பதை விடுங்கள். மேசையில் அதன் விளைவு பெரியது.

இதே வாய்ப்பாட்டை வீரனின் ஹெச்.பி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாம் லெவலில் 28-க்கு 20. ஐந்தில் 44-க்கு 30. பத்தில் 84-க்கு 55. விகிதம் எல்லா இடத்திலும் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியே நிற்கிறது. ஆகவே எந்த விதிநூலை வைத்திருந்தாலும் விலங்கின் ஹெச்.பி. உடையவருடையதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துத் தொடங்குங்கள்.

அதற்கு மேலே ஏற்றத் தோன்றும்; ஏற்றினால் எதிர்க் கோளாறு வரும். விலங்கின் ஹெச்.பி. உடையவருடையதை நெருங்கிவிட்டால், அறையின் கதவை யார் முதலில் திறப்பது என்ற கேள்வியே மேசையில் எழாது, கரடியை அனுப்புவார்கள். பொறி வைத்த தரையில் கரடி நடக்கும், அம்பு மழையில் கரடி நிற்கும். குமுளித் தம்பி ஒருவர் தம் கரடிக்கு “கதவு” என்றே பெயர் வைத்துவிட்டார். பெயர் வந்த வாரமே எண்ணைக் குறைத்தேன்.

ஹெச்.பி.யைச் சரிசெய்தாலும் சாவு ஒரு நாள் வரத்தான் செய்யும். பட்டியல் விலங்கு சுழியத்தைத் தொட்டதும் செத்துவிடும். ஆட்டக்காரரின் கதாபாத்திரமோ மயங்கி விழுந்து, பிழைப்பதற்கான உருட்டல்களைப் பெறும். துணை விலங்கை இரண்டாவது வகையில் சேருங்கள். ஒரே வரி மாற்றம். இந்த அறிகுறிக்கான மருந்தில் பாதி இதுவே.

அறிகுறி: மூன்றாம் லெவலில் புலி, ஒன்பதாம் லெவலில் பூனை

தொடக்கத்தில் சரியாக இருந்த விலங்கு, கதை வளர வளரக் குரைப்பதற்கு மட்டும் பயன்படுகிறது என்றால், அதன் எண்கள் தாளில் உறைந்து கிடக்கின்றன என்று பொருள். ஒன்பதாம் லெவலில் எதிரியின் ஆர்மர் எண் 17 என்று வையுங்கள். உடையவரின் தாக்குதல் +9 ஆகியிருக்கும். அவருக்கு நூற்றுக்கு 65. நாய் பழைய +4-இலேயே நின்றால் நூற்றுக்கு 40. பாதிக்கு மேல் தவறும் செயலுக்குப் போனஸ் ஆக்‌ஷனை யாரும் செலவிடமாட்டார்கள்.

நாய்க்கென்று தனி எண்ணை எழுதவே எழுதாதீர்கள். “தாக்குதல்: உடையவருடையதில் ஒன்று குறைவு” என்று எழுதுங்கள். மூன்றாம் லெவலில் +4, ஐந்தில் +6, ஒன்பதில் +8 என்று தானாக ஏறிக்கொள்ளும். எந்த லெவலிலும் உடையவரைவிட நூற்றுக்கு ஐந்து மட்டும் பின்தங்கும். விலகுவதற்கும் அச்சத்தைத் தாங்குவதற்குமான உருட்டல்களுக்கும் இதே முறையைக் கையாளலாம்.

சேதத்தில் கவனம் தேவைப்படுவது ஐந்தாம் லெவலில். வீரர்களுக்கு அப்போது இரண்டாவது வெட்டு கிடைக்கிறது. ஒரே இரவில் அவர்களின் வேலை இரட்டிப்பாகிறது, நாயோ அப்படியே இருக்கிறது. மூன்றாம் லெவலில் நாயின் 2.1, உடையவரின் 4.9-இல் நூற்றுக்கு 43 பங்கு. ஐந்தாம் லெவலில், ஆர்மர் எண் 15 உள்ள எதிரியின் மேல் உடையவர் இரண்டு வெட்டில் ஏறத்தாழ 11 செய்கிறார். அதே பங்கைக் காக்க நாய்க்கு 4.8 தேவை, நூற்றுக்கு 60 விழும் கடிக்குச் சராசரி 8, அதாவது இரண்டு டி4 உடன் 3. ஆட்டக்காரர்கள் “விலங்கு பலமிழந்துவிட்டது” என்று எட்டாம் லெவலில் சொல்லத் தொடங்கினால், ஐந்தாம் லெவல் தாளை எடுத்துப் பாருங்கள். பிழை மூன்று லெவல்களுக்கு முன்பே நுழைந்திருக்கும்.

மந்திர ஆயுதத்தால் அன்றிப் பாதிச் சேதமே ஏற்கும் எதிரிகள் வரத் தொடங்கும்போது, விலங்கின் கடியும் மந்திரக் கடியாக எண்ணப்படும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அறிகுறி: எல்லோரும் ஒரே விலங்கையே கேட்கிறார்கள்

ஐவரில் மூவர் செந்நாய் கேட்டார்கள். தேக்கடிக் காட்டில் கூட்டமாக மிளாவைத் துரத்தும் விலங்கு என்பதால் ஆசைப்படுகிறார்கள் என்று மகிழ்ந்தேன், உண்மை அதுவன்று. செந்நாய்க்கு நான் ஓநாயின் கூட்டு வேட்டை விதியைக் கொடுத்திருந்தேன்: எதிரியின் அருகில் தோழன் ஒருவன் நின்றால் விலங்கு இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். தாளில் அது ஒரே ஒரு வரி, எண்ணே இல்லாத வரி. எண் இல்லாததால் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

கணக்கிட்டால் அந்த வரியின் எடை தெரியும். நூற்றுக்கு 60 விழும் கடி இரண்டு முறை தொடர்ந்து தவறுவதற்கான வாய்ப்பு 16. ஆகவே 84 விழும். டி20-இல் ஒவ்வொரு கூட்டெண்ணும் நூற்றுக்கு ஐந்து என்பதால், இது ஏறத்தாழ +5-க்குச் சமம். நாயின் மொத்தத் தாக்குதல் கூட்டெண்ணே +4. ஒற்றை வரி அதைவிடக் கூடுதலாக எடை போடுகிறது. போதாக்குறைக்கு ஓநாயின் கடி எதிரியைக் கீழே தள்ளவும் கூடும். தள்ளினால் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் அதே இரட்டை உருட்டல் கிடைக்கும்.

எல்லோரும் ஒரே விலங்கைக் கேட்டால் அந்த விலங்கின் எண்களை விட்டுவிட்டு, வரிகளைப் படியுங்கள். “எப்போதும்” என்ற பொருள்படும் சொல் எந்த வரியில் உள்ளதோ அதில் கை வையுங்கள். செந்நாயின் கூட்டு வேட்டையை, தோழனாக நிற்பது இன்னொரு செந்நாயாக இருந்தால் மட்டும் என்று சுருக்கினேன். ஒற்றைச் செந்நாயைக் கேட்டவர்கள் அதோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

சுருக்குவது பாதி வேலை. மற்ற விலங்குகளுக்கு ஆசைப்படும்படி ஏதாவது வைப்பது மீதி. ஒரே லெவலில் மூன்று நாய்களை எழுதிப் பழகினால் இது கைவரும். கோம்பை நாய் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பெயர்போனது. உத்தமபாளையம் வட்டத்தில் அதே பெயருள்ள ஊர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அதற்கு முழு ஹெச்.பி. 20, வேகம் 40 அடி, கடித்தால் எதிரியின் அடுத்த நகர்வு பாதியாகும். எதிரியைக் கீழே தள்ளாது. சிப்பிப்பாறை, கண்ணால் பார்த்து முயலை விரட்டும் ஓட்ட நாய். வேகம் 60 அடி, கடித்துவிட்டு எதிரியின் கைக்குச் சிக்காமல் விலகலாம், ஆனால் ஹெச்.பி. 15, கடிக்கு வெறும் டி4, மோப்பத்துக்குக் கூட்டெண் இல்லை. இராஜபாளையம் பக்கத்தில் படுத்திருந்தால் இரவில் யாரும் உங்களைத் தூக்கத்தில் தாக்க முடியாது; ஆனால் அதன் வெள்ளை உடம்பு இருட்டில் பளிச்சென்று தெரியும், ஆகவே ஒளிந்து செல்லும் உருட்டல் அனைத்திலும் குழுவுக்கே குறை விழும்.

மூன்றிலும் கொடுத்ததற்கு ஈடாக ஒன்றைப் பிடுங்கியிருக்கிறேன். பிடுங்கியது அந்த நாயின் இயல்பிலிருந்தே வந்தது என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை. சிப்பிப்பாறையின் மோப்பத்தைக் குறைத்தபோது, “அது சரிதான், எங்க பெரியப்பா வீட்ல இருந்ததும் அப்படித்தான்” என்று கடைக்காரரே ஒத்துக்கொண்டார்.

அறிகுறி: ஆந்தை எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது

ஆந்தை அலறினால் சாவு என்று சொல்லும் ஊரில் ஆந்தையைத் துணையாகக் கேட்கிறார்கள் என்றால் விதியில் ஏதோ சலுகை இருக்கிறது என்று அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும். பட்டியல் ஆந்தைக்கு ஹெச்.பி. ஒன்றே ஒன்று. சண்டையில் அது யாரையும் கொத்த வேண்டியதில்லை; எதிரியின் தலைக்கு மேல் சிறகடித்து உதவி செய்தால், தோழனுக்கு இரட்டை உருட்டல் கிடைக்கிறது; பறந்து விலகும்போது எதிரி அதை அடிக்கவும் முடியாது. 65 விழும் வாள் 88-ஐ நெருங்குகிறது. ஒரு சுற்றுக்கு 1.7 சேதம், ஏறத்தாழக் கோம்பை நாயின் பங்கு, அடி வாங்காமலே.

உதவி செய்த பறவை உடையவரின் அடுத்த முறை வரை எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தாக வேண்டும் என்று மாற்றுங்கள். உதவி இன்னமும் கிடைக்கும். ஆனால் ஒற்றை ஹெச்.பி. உள்ள பறவையை எப்போது பணயம் வைப்பது என்று உடையவர் யோசிப்பார்.

வேவு பார்ப்பது வேறு கோளாறு. பறவை முன்னே பறந்து கோட்டையின் ஒவ்வொரு அறையையும் பார்த்துவந்து சொல்லிவிட்டால் நடத்துபவருக்கு மறைத்துவைக்க ஒன்றும் மிஞ்சாது. இதற்காகப் பறவையைக் கண்ணில்லாததாக ஆக்க வேண்டாம். பறவை எதைக் கவனிக்கும் என்று மட்டும் முடிவுசெய்யுங்கள். இருவாச்சிக்கு எந்த அத்திமரம் பழுத்திருக்கிறது என்று தெரியும். கீழே நிற்பவர்கள் காவலர்களா, சந்தைக்கு வந்தவர்களா என்று தெரியாது. “மனிதர் பலர், பளபளக்கும் பொருள் உண்டு” என்பதுவரை சொல்லுங்கள். எத்தனை பேர் என்று கேட்டால், மூன்றுக்கு மேல் எல்லாம் பல.

அறிகுறி: ஆட்டக்காரர் யானை கேட்கிறார்

எல்லா மேசையிலும் ஒருவர் கேட்பார். எங்கள் மேசையில் கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. விதிநூல் யானைக்கு 76 ஹெச்.பி., கொம்புக்கு +8, சேதம் மூன்று டி8 உடன் 6. ஆர்மர் 13 மேல் நூற்றுக்கு 80 விழும். ஒரு சுற்றுக்கு 15.6. மூன்றாம் லெவல் வீரர் மூவரைச் சேர்த்தாலே 14.7 தான் வருகிறது. பாய்ந்து முட்டித் தள்ளி மிதிக்கும் கணக்கை இன்னும் தொடவேயில்லை. இந்த எண்களை எவ்வளவு குறைத்தாலும் அது யானையாக இருக்காது; பாதியாகக் குறைத்த யானை ஒரு சாம்பல் நிற மாடு.

ஆகவே இங்கே எண்ணை விட்டுவிட்டு இடத்தை வைத்துச் சமன் செய்ய வேண்டும். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டுயானை 2023 மே 27 அன்று எங்கள் ஊர்த் தெருவில் நடந்தபோது, எங்களில் இருவர் மாடியில் நின்று பார்த்தவர்கள். ஓர் ஊர் முழுவதும் கதவடைத்தது. கதையிலும் அப்படியே இருக்கட்டும்: யானையோடு போனால் சத்திரத்தில் இடமில்லை, சந்தை கலையும், கயிற்றுப் பாலம் தாங்காது, குகைக்குள் நுழையாது, நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தீவனம் வேண்டும், எங்கே போனாலும் எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். முழு எண்களோடு கொடுங்கள். ஆனால் திறந்த வெளியில், கதையின் ஒரு பகுதியில் ஒரு முறை. எங்கள் யானை காட்டோரத்தில் நிற்கும்; அழைத்தால் வரும்; வந்த இடத்தில் வேலி மிஞ்சாது. ஆட்டக்காரர் இதுவரை இரண்டு முறைதான் அழைத்திருக்கிறார்.

கன்றுக்குட்டியைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். தாய் தேடி வரும்.

மற்றவை, சுருக்கமாக

உடையவர் விலங்கை மறந்துவிடுகிறார் என்றால், விலங்குக்குச் சண்டைக்கு வெளியே வேலை இல்லை என்று பொருள். தடம் பிடித்தல், சுமை தூக்குதல், காவல் இவற்றில் ஒன்றையாவது அதன் தாளில் எழுதுங்கள். பாம்பின் நஞ்சு ஒவ்வொரு கடியிலும் ஏறுகிறது என்றால், நஞ்சை ஓர் ஓய்வுக்கு ஒரு முறை என்று கட்டுங்கள். இரண்டாவது கடி வெறுங்கடி. குரங்கு பூட்டைத் திறக்கிறது, சாவியைத் தேர்ந்தெடுக்கிறது, திட்டமும் போடுகிறது என்றால், ஒரு கட்டளைக்கு ஒரு வினைச்சொல் என்ற விதியைக் கொண்டுவாருங்கள்: “எடு”, “ஓடு”, “கொடு”. குமுளிக்காரர்கள் இதை மறுத்து, பையிலிருந்து வாழைப்பழத்தை மட்டும் உருவும் குரங்குகளைச் சாட்சிக்கு அழைத்தார்கள். வாழைப்பழத்துக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறேன்.

திருத்திய பின் சோதிப்பது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணையோ ஒரு வரியையோ மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றிய பிறகு தனியே உட்கார்ந்து மூன்று வெள்ளோட்டச் சண்டைகள் நடத்துங்கள்: ஒரே பெரிய எதிரியோடு ஒன்று, ஆறு சிறிய எதிரிகளோடு ஒன்று, விலங்கு தொடக்கத்திலேயே வீழ்ந்துவிட்டதாக வைத்து ஒன்று. மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதில் உடையவர் தனியாக வெல்லவே முடியாமல் போனால், விலங்குக்கு அளவுக்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள். எந்த வேறுபாடும் தெரியாமல் எளிதாக வென்றால், விலங்கு வெறும் அலங்காரம்.

எங்கள் கோம்பை நாயின் ஐந்தாம் லெவல் தாள் இப்போது இப்படி இருக்கிறது: ஹெச்.பி. 30, ஆர்மர் எண் 14, வேகம் 40 அடி, தாக்குதல், உடையவருடையதில் ஒன்று குறைவு, கடி, இரண்டு டி4 உடன் 3, போனஸ் ஆக்‌ஷன், கவ்வினால் எதிரியின் அடுத்த நகர்வு பாதி, சுழியத்தில் மயக்கம், பிழைக்கும் உருட்டல் உண்டு, மோப்பம் நன்று. கடைசி வரி தம்பி தம் கையால் பென்சிலில் எழுதியது: “ஜீப்புச் சத்தம் கேட்டால் ஓரமாக நிற்கும்.” அதற்கு எண் ஏதும் வைக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.